வாசலை ஒழுங்காகக் கட்டுங்கள்: ஊவாவிலிருந்து மென்பொருள் எழுதப் போன பிள்ளைகளுக்கு



பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, ஹாலி-எல, கொஸ்லந்தை என்று ஊவாவின் தோட்டங்களில் பிறந்து, இன்று கொழும்பிலும் அதற்கு அப்பாலும் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். நானும் உங்கள் தொழில்தான். பல நிறுவனங்களின் கட்டமைப்புகளை ஒன்றோடொன்று பேசவைப்பது என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்ப என் கண்ணில் படும் ஒரு குறையை உங்களிடம் நேராகச் சொல்லவேண்டும். அதைத் திருத்தக்கூடிய நாற்காலிகளில் இன்று நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் சேவைகளை அழகாக எழுதுகிறீர்கள். கணக்குக்கு ஒரு சேவை, அடையாளத்துக்கு ஒன்று, கொடுப்பனவுக்கு ஒன்று, குறுஞ்செய்திக்கு ஒன்று. அவை ஒன்றையொன்று ஜிஆர்பிசி வழியாக அழைக்கின்றன. வேகமான வழி; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை முடியும் அவசரத்தில், உள்ளே பேசுவதற்காக எழுதிய அதே அழைப்பை அப்படியே வெளியே திறந்து, போனிலிருக்கும் செயலியை நேராக அதன்மேல் விட்டுவிடுகிறீர்கள். நடுவில் ஏபிஐ கேட்வே, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் நுழையும் வாசல், இல்லை. இருந்தாலும், ஜிஆர்பிசி என்றால் என்னவென்று தெரியாத, பைட்டுகளை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதோடு நின்றுவிடுகிற ஒன்று. கொழும்பு அலுவலகத்து வைஃபையில் எல்லாம் சரியாக ஓடும். ஓடாத இடம் எங்கே என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சம்பளம் 10ஆந் திகதி. அன்று பின்னேரம் லயத்துக்கு மேலே, சிக்னல் பிடிக்கிற வளைவில், எத்தனை பேர் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அம்மா பிள்ளையின் படிப்புக்கு மூவாயிரம் ரூபாய் அனுப்புகிறார். வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. திரும்ப அழுத்துகிறார். காசு இரண்டு தரம் போய்விடுகிறது. வங்கிக்குப் போக ஒரு நாள் மலைக்குப் போகாமல் நிற்கவேண்டும். ஒரு பேர், அதாவது அந்த நாள் கூலி, போகும். போனாலும் அங்கே கேட்கும் முதல் கேள்வி, "ரெபரன்ஸ் நம்பர் இருக்கிறதா?" அவரிடம் இல்லை, ஏனென்றால் நீங்கள் கொடுக்கவில்லை.

அன்றைக்கு உங்கள் கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஜிஆர்பிசி அழைப்பு தோற்றாலும் எச்டிடிபி மட்டத்தில் 200 என்றே பதில் போகும். உண்மையில் என்ன நடந்தது என்பது கடைசியில் வரும் டிரெய்லரில், ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ் என்ற தலைப்பில் தனியாக வரும். நடுவில் இருக்கும் கருவிக்கு அதை வாசிக்கத் தெரியாவிட்டால், தோற்ற அழைப்பும் வென்ற அழைப்பும் அதற்கு ஒன்றுதான். அந்த அம்மா வளைவில் நின்று பட்ட பாடு உங்கள் கணக்கில் வெற்றியாகப் பதிவாகியிருக்கும். என்னை மிகவும் வருத்துவது இதுதான். தவறு எங்கும் நடக்கும். நடந்த தவறு நடந்ததாகவே தெரியாமல் போவதை எப்படிப் பொறுப்பது?

தூரத்துக் கணினியில் இருக்கும் செயலை, கையருகே இருக்கும் செயலைப் போலவே பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற எண்ணத்தை 1984இல் ஸீராக்ஸ் ஆய்வகத்தின் பிரெல், நெல்சன் இருவரும் தங்கள் கட்டுரையில் முழுமையாகக் காட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1994இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோவும் கூட்டாளிகளும் அதற்கு ஓர் எச்சரிக்கை எழுதினார்கள்: இரண்டும் ஒன்றல்ல, தூரத்து அழைப்பில் தாமதம் உண்டு, பாதியில் அறுந்துபோவது உண்டு, அதை மறைத்து நிரல் எழுதினால் பின்னால் அனுபவிப்பீர்கள் என்று. கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த முறையிலிருந்து 2015இல் ஜிஆர்பிசியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் காலக்கெடு, ரத்து, நிலைக் குறியீடு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது நாம்தான். காலக்கெடு வைக்காவிட்டால் அழைப்பு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்துக் கிடக்கும். தரவுநிலையத்துக்குள் அது பெரிய விஷயமாகத் தெரியாது. நமுனுகுலை மலைச்சரிவில் நின்று அழைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் மனதுக்குள் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்த ஒருவர் இன்னொரு கேட்டுக்காக வாதாடுவதா என்று நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. நமக்குக் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. லயத்துக்கு விலாசம் இல்லை. எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். அங்கிருந்து யார் கையில், எப்போது கிடைக்கும் என்பதற்குக் கணக்கில்லை. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த கதை இல்லாத தோட்டம் ஒன்றைக் காட்டுங்கள். நடுவில் ஒருவர் நின்று எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பட்டுத் தெரிந்தவர்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். அந்தக் காரியாலயத்தின் குறை, அது நடுவில் இருந்தது மட்டுமல்ல. எது வந்தது, எப்போது வந்தது, யாரிடம் போனது என்று எதையும் எழுதிவைக்கவில்லை. கேட்டால் பதில் சொல்லும் கடமையும் அதற்கு இருக்கவில்லை. நீங்கள் கட்டும் கேட்வே இரண்டையும் செய்யவேண்டும். செய்யாவிட்டால், பழைய காரியாலயத்தையே கணினிக்குள் கட்டிவைத்தவர்கள் ஆவீர்கள்.

என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில், வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் வாசலிலேயே ஓர் எண் கொடுங்கள். அந்த எண் உள்ளே எத்தனை சேவைக்குப் போனாலும் கூடவே போகட்டும். தோற்றாலும் வென்றாலும் அது போன் திரையில் தெரியட்டும். வங்கியில் கேட்கும் ரெபரன்ஸ் நம்பர் அதுதான். பண்டாரவளையிலோ பதுளையிலோ மேசைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தர் அதைத் தட்டினால் நடந்தது தெரியவேண்டும்.

அடுத்தது மறுமுயற்சி. இதில்தான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கேட்வேயை வைத்ததும் அதன் அமைப்பில் மறுமுயற்சியைத் திறந்துவிடுகிறார்கள். மீதித் தொகை பார்க்கும் அழைப்பைப் பத்துத் தரம் அனுப்பினாலும் கேடில்லை. காசு அனுப்பும் அழைப்பைக் கேட்வே தானாகவே இரண்டாம் தரம் அனுப்பினால், அந்த அம்மா செய்ததையே யாருக்கும் தெரியாமல் இயந்திரம் செய்கிறது. பதில் வரவில்லை என்பதற்கு, வேலை நடக்கவில்லை என்று பொருளில்லை. அதனால் பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வோர் அழைப்பிலும் தனித்த ஒரு சாவியைச் செயலியே உருவாக்கி அனுப்பவேண்டும். அதே சாவி திரும்ப வந்தால் சேவை முதல் தரம் கொடுத்த பதிலையே கொடுக்கவேண்டும். சாவி இல்லாத கொடுப்பனவு அழைப்பை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அந்தக் கண்டிப்பு சேவைக்குச் சேவை மாறாமல் இருக்கவேண்டுமானால் அது இருக்கவேண்டிய இடம் வாசல்தான். ஐந்து குழுக்கள் ஐந்து விதமாக எழுதினால் ஒன்றிலாவது மறந்துபோவார்கள்.

காலக்கெடுவையும் அங்கேயே பிடியுங்கள். செயலி இருபது வினாடி கொடுத்து அழைத்தால், மிச்சமிருக்கும் நேரம் ஜிஆர்பிசி-டைம்அவுட் தலைப்பில் உள்ளே போகவேண்டும். செயலி காலக்கெடு வைக்காமல் வந்தால் கேட்வே ஒன்றை வைக்கட்டும். போனில் ஆள் காத்திருந்து அலுத்து மூடிவிட்ட பிறகும் உள்ளே மூன்று சேவைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

10ஆந் திகதி நெரிசலுக்கும் இதோடு சம்பந்தம் உண்டு. ஜிஆர்பிசி, எச்டிடிபி 2இன் மேல் ஓடுகிறது; ஓர் இணைப்பைத் திறந்தால் அதையே பிடித்துக்கொண்டு எல்லா அழைப்பையும் அதில் அனுப்பும். இணைப்பை மட்டும் பங்கிடும் சாதாரணச் சுமைப்பகிர்வியை முன்னால் வைத்தால், சேவையின் மூன்று பிரதிகளில் ஒன்று மூச்சுத்திணறவும், மற்ற இரண்டும் சும்மா இருக்கவும் கூடும். நெரிசல் என்று சொல்லி இன்னும் இரண்டு பிரதிகளை ஏற்றுவீர்கள். பழைய இணைப்புகள் பழைய இடத்திலேயே கிடக்கும். அழைப்பை அழைப்பாகப் பிரித்துப் பார்த்துப் பங்கிடத் தெரிந்த கேட்வேயால் இதைத் தீர்க்கமுடியும். என்வாய் மென்பொருளுக்கு அது தெரியும். என்ஜின்எக்ஸுக்கு 2018இலிருந்து தெரியும்.

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இந்த இடத்தில் எழுந்து, ப்ரோட்டோபஃப் செய்தி சிறியது, ஜேசன் பெரியது, மலையில் டேட்டா செலவு கூடும், அதனால் நேராக ஜிஆர்பிசியே நல்லது என்று சொல்வார். ரீலோட் காசைப் பற்றி யோசிக்கிற அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும். ஆனால் கேட்வே வைத்தால் ஜேசனுக்கு மாறியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. செயலி ஜிஆர்பிசியிலேயே பேசட்டும். கேட்வே அதை அப்படியே புரிந்துகொண்டு உள்ளே அனுப்பும். பிரவுசரிலிருந்து வருபவருக்கு ஜிஆர்பிசி நேராக வேலை செய்யாது; அவருக்கு ஜிஆர்பிசி-வெப் வேண்டும், அல்லது ஜேசனை வாங்கி உள்ளே ஜிஆர்பிசியாக மாற்றும் வசதி வேண்டும். இரண்டையும் அதே வாசலில் வைக்கலாம். மேலும், பலவீனமான சிக்னலில் நமக்கு எமன் செய்தியின் பருமன் அல்ல. போக்குவரத்தில் ஒரு பொட்டலம் தொலைந்தால் எச்டிடிபி 2இல் அந்த இணைப்பில் ஓடும் எல்லா அழைப்பும் நிற்கும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இணைப்பென்றால் ஒவ்வொன்றுக்கும் தனியே கைகுலுக்கல், தனியே காத்திருப்பு. 2022இல் தரமான எச்டிடிபி 3இல் இந்த இழுபறி குறைவு; கோபுரம் மாறி ஐபி முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடரும் வழியும் அதில் இருக்கிறது. போனுக்கும் வாசலுக்கும் இடையில் எச்டிடிபி 3, வாசலுக்கு உள்ளே வழக்கமான ஜிஆர்பிசி என்று பிரித்துக்கொள்ளலாம். இருபது சேவைகளையும் மாற்றத் தேவையில்லை. வாசல் ஒன்றை மாற்றினால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சேவையும் சேவையும் பேசுவதையெல்லாம் வாசல்வரை இழுத்துவந்து திருப்பி அனுப்பாதீர்கள். கணக்குவழக்கு விதிகளையும் கேட்வேக்குள் எழுதாதீர்கள். அது வீங்கி, யாரும் தொடப் பயப்படும் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு கேட்வேயை வைத்து அது விழுந்தால் எல்லாம் விழும் நிலையையும் உண்டாக்காதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் என்ன பாடுபட்டது என்று நீங்கள் அறிவீர்கள். மண்சரிந்தது, வீதி அறுந்தது, மின்சாரமும் போன் தொடர்பும் போயின. கோபுரம் இல்லாத இடத்தில் எந்தக் கேட்வேயும் உதவாது. ஆனால் தொடர்பு திரும்புகிற அந்த மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் விழிக்கும். அடங்கிக் கிடந்த அழைப்பெல்லாம் ஒரே நேரத்தில் பாயும். தோற்றதும் உடனே திரும்பப் பாயும். உயிரோடிருக்கும் செய்தியைச் சொல்லவும் காசு வந்ததா என்று பார்க்கவும் சனம் தவிக்கிற அந்த நேரத்தில் உங்கள் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயக்கூடாது. வாசலில் வேகக் கட்டுப்பாடு இருந்தால், எத்தனை வினாடி கழித்து வரவேண்டும் என்று செயலிக்குச் சொல்லமுடியும். செயலியும் ஒவ்வொரு தரமும் இடைவெளியைக் கூட்டி, கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்து அனுப்பவேண்டும். இதை அமைதிக் காலத்திலேயே எழுதிவைக்கவேண்டும்.

இந்த நாட்டால் முடியாத வேலையை நான் கேட்கவில்லை. உலகம் பயன்படுத்தும் ஏபிஐ கேட்வே மென்பொருள்களில் ஒன்றை எழுதுவது கொழும்பில் பிறந்த நிறுவனம்தான். டபிள்யூஎஸ்ஓ2 என்ற அந்த நிறுவனம் தொடங்கியது 2005இல். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே வருடம். திறந்த மூலம் என்பதால் டபிள்யூஎஸ்ஓ2இன் நிரலைப் படிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அரசுத் துறைகளின் சேவைகளை ஒரு வாசல் வழியாக இணைக்கும் யோசனையை அரசின் ஐசிடிஏ நிறுவனம் லங்கா கேட் என்ற பெயரில் எப்போதோ தொடங்கிவிட்டது. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தது, 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்தது, 2025 பெப்ரவரியில் அரசுக்குக் காசு கட்டும் கவ்பே வந்தது. இனி வருவதெல்லாமும் இந்த வழியில்தான் வரும். வரும் ஒவ்வொன்றிலும் நம் சனம் கடைசி வரிசையில் நின்று, விளங்காத ஒரு வரியைப் பார்த்துத் திரும்பிப் போவதை நான் இனியும் பார்க்க விரும்பவில்லை.

அந்த விளங்காத வரியைப் பற்றித்தான் என் மிகப்பெரிய வேண்டுகோள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகளைத் தமிழும் நிர்வாக மொழியாக இருக்கும் பிரிவுகளாக 1999இல் வர்த்தமானியில் அறிவித்தார்கள். மேசைக்கு முன்னால் போனால் தமிழில் பதில் கேட்க உங்கள் அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. போன் திரைக்கு முன்னால் அந்த உரிமை எங்கே போனது? அதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஜிஆர்பிசியில் வெற்றியைத் தவிர்த்துப் பதினாறு நிலைக் குறியீடுகள் உண்டு. எந்தச் சேவை தோற்றாலும் இந்தப் பதினாறில் ஒன்றாகத்தான் வாசலுக்கு வரும். சேவைக்குச் சேவை மொழிபெயர்த்துக்கொண்டு அலையத் தேவையில்லை. வாசலில் ஓர் அட்டவணை போதும். செயலி தன் மொழி தமிழ் என்று தலைப்பில் சொல்லட்டும்; கேட்வே அதற்குரிய வரியை எடுத்துக் கொடுக்கட்டும். பிழையோடு சேர்த்து, மொழி குறித்த செய்தியை அனுப்புவதற்கு கூகுளின் பிழை மாதிரியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

வேறுபாடுகளை மழுப்பாதீர்கள். குறியீடு 14 வந்தால் சேவை இப்போது கிடைக்கவில்லை என்று பொருள். கொஞ்சம் பொறுத்து வரச்சொல்லலாம். 4 வந்தால் நேரம் முடிந்தது, ஆனால் வேலை நடந்திருக்கவும் கூடும். "திரும்ப அனுப்பாதீர்கள், முதலில் மீதியைப் பாருங்கள்" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் வளைவில் நின்ற அம்மாவின் மூவாயிரம் மிஞ்சியிருக்கும். 5 வந்தால் தேடியது கிடைக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் வேறொரு எழுத்துமாகப் பெயர் பதியப்பட்ட நம் சனத்துக்கு இது அடிக்கடி வரும். "நீங்கள் பதிவில் இல்லை" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். பெயரின் எழுத்து மாறியிருக்கலாம், இந்த எண்ணோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" ஆக்கி அனுப்பும் கேட்வே எனக்கு வேண்டாம்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த வடிவமைப்புக் கூட்டத்தில், வெளியே நேராகத் திறந்திருக்கும் ஜிஆர்பிசி வாயில்கள் எவை என்று பட்டியல் கேளுங்கள். அவற்றை மூடி, அழைப்பைப் புரிந்துகொள்ளும் ஒரு கேட்வேக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், திகதியை எழுதித்தரச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது, வெளியிடாத செயலியைப் போனில் போட்டுக்கொண்டு வந்து, 10ஆந் திகதி பின்னேரம் அந்த வளைவில் நின்று சோதித்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களே, இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு விஷயம் தேடுகிறீர்கள் என்றால் இது இருக்கிறது: ஒரு திறந்த மூலக் கேட்வேயில், இந்தப் பதினாறு குறியீடுகளுக்குமான தமிழ், சிங்கள அட்டவணை. செய்து பொதுவில் வையுங்கள், எல்லா நிறுவனமும் எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பதினாறு வரிகளையும் எழுதியதும் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். இதைப் பார்த்தால் நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு விளங்காத வரியை அவர் சொல்லும் விதமாகவே மாற்றி எழுதுங்கள். அதன் பிறகு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஹாலி-எலயிலிருந்து உங்கள் அக்கா ஒருத்தி